வாய்விட்டுச் சொன்ன ஜெபம்

அத்தியாயம் 9

சனிக்கிழமை மூன்று மணி பஸ்ஸுக்குப் பெண் பார்க்க வருகிறோம் என்று புளியங்குடி ஞானையா எழுதிய கார்டு வந்து நான்கு நாளாகிவிட்டது. அந்த நான்கு நாளும் மாணிக்கராஜும் நேசமணியும் ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள். அதுவும் பிள்ளைகள் காதில் விழாமல், அடுப்படிக்குள் நின்றுகொண்டு.

மூத்தவள் எப்சிபாவுக்கு வலிப்பு இருப்பதை வருகிறவர்களிடம் சொல்வதா, வேண்டாமா?

வேண்டாம் என்று நேசமணி முடிவாகச் சொன்ன இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். மாணிக்கராஜ் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் சங்கரன்கோவில் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்து மாடு வைத்திருக்கிற சம்சாரிகள் டாக்டரைவிட அவரைத்தான் நம்புவார்கள். பிழைக்காத மாட்டைப் பிழைக்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற ஆள். அந்த ஆள்தான் மகள் விஷயத்தில் வாய் திறக்காமல் படியிறங்கிப் போனார்.

நேசமணியையும் குறை சொல்ல முடியாது. இதற்கு முன் இரண்டு இடம் வந்தது. இரண்டு இடத்திலும் உண்மையைச் சொன்னார்கள். முதல் வீட்டார் ஒரு வாரத்தில் வேண்டாம் என்று கடிதம் எழுதினார்கள். இரண்டாவது வீட்டார் கடிதம்கூட எழுதவில்லை. ஆனால் விஷயம் மட்டும் ஊர் ஊராகப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபைப் பெண்கள் இரண்டு பேர் எப்சிபாவுக்கு வழிவிட்டு விலகி நின்றார்கள். அவள் எப்போது விழுவாளோ என்று பார்ப்பதுபோல. அன்றைக்கு வீட்டுக்கு வந்த நேசமணி, இனிமேல் செத்தாலும் சொல்லமாட்டேன் என்றாள்.

எப்சிபாவுக்கு இருபத்து மூன்று வயது. டீச்சர் டிரெய்னிங் முடித்து, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். பதினாலு வயதில் வந்த நோய். பாளையங்கோட்டை டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒரு வேளை தவறாமல் விழுங்குகிறாள். எட்டு மாதமாக வலிப்பு வரவில்லை.

எட்டு மாதமாக வராததற்கு மாத்திரை காரணம் என்று மாணிக்கராஜ் நினைத்தார். தன் ஜெபம் காரணம் என்று ஞானதீபம் நினைத்தாள்.

ஞானதீபத்துக்கு ஒன்பது வயது. இடையில் பிறந்த இரண்டும் தங்காமல் போன பிறகு பிறந்த கடைக்குட்டி. அந்த வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். தெருவில் தறிச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். மாணிக்கராஜ் முன்கதவைச் சாத்திவிட்டுப் பாயை விரிப்பார். வேதத்தில் ஒரு பகுதியை ஆளுக்கொரு வசனமாக வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவரும் ஜெபிக்க வேண்டும். அதில் ஒரு சட்டம் இருந்தது. மனப்பாடமாக எதையும் ஒப்பிக்கக் கூடாது. மனதில் உள்ளதை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் சொல்வதுபோல, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மாணிக்கராஜ் வளர்ந்த வீடு வேறு மாதிரி. மனப்பாட ஜெபத்தில் ஒரு வார்த்தை பிசகினால் தொடையில் பிரம்பு விழும். அப்படிக் கற்ற ஜெபத்தை முப்பது வயது வரை சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது வயது வரை அதில் ஒரு வார்த்தைகூட அவருடையதாக இருந்ததில்லை. தன் பிள்ளைகளுக்கு அப்படி ஆகக் கூடாது என்று எப்சிபா பிறந்த அன்றே தீர்மானித்தார்.

ஞானதீபம் அந்தச் சட்டத்தை அப்படியே பிடித்துக்கொண்டாள். பெரியவர்கள் 'நீர்', 'உம்மை' என்று ஜெபிக்கும் இடத்தில் அவள் 'நீங்க' என்றுதான் பேசுவாள். பக்கத்து வீட்டு ஆவுடையம்மாளின் கோழி அடைகாப்பதிலிருந்து கணக்கு டீச்சரின் கோபம் வரை எல்லாவற்றையும் சொல்வாள். ஞாயிறு பள்ளி நடத்துகிற அம்மா ஒருதரம், பிள்ளைக்கு ஜெபிக்கிற முறை தெரியவில்லை என்று புகார் சொன்னபோது மாணிக்கராஜுக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்து ஊர் அடங்கியிருந்த வாரம் அது. சனிக்கிழமை காலையிலேயே நேசமணி வீட்டைக் கழுவிவிட்டாள். ஆவுடையம்மாள் வீட்டிலிருந்து நாலு நாற்காலி வந்தது. தேரடியிலிருந்து பூ வந்தது.

ஞானதீபத்தைக் கூப்பிட்டு நேசமணி கண்டிப்பாகச் சொன்னாள். வருகிறவர்கள் என்ன கேட்டாலும் அக்காவின் வலிப்பைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. சிறுமி ஏன் என்று கேட்டாள். கூடாதென்றால் கூடாது என்றாள் நேசமணி. ஞானதீபம் தலையை ஆட்டினாள். அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பிள்ளை.

அப்படியும் நேசமணிக்கு மனம் அமைதிப்படவில்லை. வந்தவர்கள் போகும்வரை இவளை ஆவுடையம்மாள் வீட்டில் விட்டுவிடலாமா என்று மாணிக்கராஜிடம் கேட்டாள். அவர் அரைநாள் வேலை முடித்து வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வருகிற வீட்டில் தங்கச்சியை ஒளித்துவைத்தால் அதற்கு வேறு அர்த்தம் ஆகும், இருக்கட்டும் என்றார். அது ஒரு காரணம்தான். சின்னவளை அவர்கள் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது.

உள்ளறையில் எப்சிபா தங்கைக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். ரிப்பன் இரண்டு தரம் அவிழ்ந்தது.

பயமா இருக்கா என்று தங்கை கேட்டாள்.

யாரிடமும் சொல்லாததை எப்சிபா அந்தச் சின்னவளிடம் சொன்னாள்.

"இங்கன விழுந்தா நீங்க மூணு பேரும் ஓடி வாரீங்க. அங்கன போய் விழுந்தா, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதே தீபம். என்ன செய்வாங்கன்னு நெனச்சாத்தான் பயமா இருக்கு."

ஞானதீபம் திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

"நான் ஜெபம் பண்ணுதேன்க்கா."

"பண்ணு" என்றாள் எப்சிபா.

மூன்றே காலுக்கு வந்துவிட்டார்கள். ஞானையா புளியங்குடியில் எலுமிச்சம்பழ மண்டி வைத்திருப்பவர், நிதானமான பேச்சு. அவர் மனைவி ஞானபாய் கையில் ஒரு பை நிறையப் பழம். மகன் ஆசீர் கடையநல்லூரில் ஹைஸ்கூல் வாத்தியார். ஒல்லியான உடம்பு, மூக்குக் கண்ணாடி. வாசலிலேயே செருப்பை ஓரமாகக் கழற்றி, தன் அப்பாவின் செருப்பையும் ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே வந்ததை நேசமணி கவனித்தாள்.

எப்சிபா காப்பி கொண்டுவந்தாள். தட்டு ஆடவில்லை. எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறீர்கள் என்று ஆசீர் கேட்டான். ஒன்றாம் வகுப்பு என்றாள். ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம், எனக்கு வராது என்றான் அவன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு எல்லாம் லேசாக நடந்தது. ஞானபாய் அடுப்படிக்கே வந்து நேசமணியுடன் பேசிக்கொண்டிருந்தாள். எந்த ஊர்ப் பூர்வீகம், யாருக்கு யார் சொந்தம் என்று தேடியதில் இரண்டு வீட்டுக்கும் தூரத்து உறவுகூட ஒன்று அகப்பட்டது. கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, கார்த்திகைக்குள் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று ஞானையா சொன்னார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக நேசமணி தன் மகளின் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்தாள். என்ன நிறப் பட்டு என்பது வரை பார்த்துவிட்டாள்.

புறப்படும் முன் ஜெபம் பண்ணிவிட்டுப் போகலாம் என்றார் ஞானையா. எல்லாரும் எழுந்து நின்றார்கள். மாணிக்கராஜ் தானே ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடப்போனார்.

ஞானபாய் சின்னவளின் கன்னத்தைத் தொட்டு, நீ ஜெபிப்பியா மக்கா என்று கேட்டாள். சும்மா, பிள்ளையிடம் பிரியமாகக் கேட்ட கேள்வி. பண்ணுவேன் என்றாள் ஞானதீபம்.

அந்த இடத்தில் மாணிக்கராஜ் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பெரியவர்கள் இருக்கும்போது நீ எதற்கு என்று சிரித்தபடி தள்ளிவிட்டிருக்கலாம். சொன்னது வேறு.

"எங்க வீட்டுல அவதான் மொதல்ல ஜெபிப்பா. மனப்பாடமே கெடையாது. மனசுல உள்ளத அப்படியே சொல்லுவா."

சொல்லும்போதே அவர் குரலில் ஏறியிருந்த பெருமை அவருக்கே கேட்டது.

ஞானதீபம் கையைக் கூப்பிக் கண்ணை மூடினாள்.

"இயேசப்பா, இன்னைக்கும் அக்காவுக்கு வரல. தேங்க்ஸ்."

நேசமணி கண்ணைத் திறந்துவிட்டாள்.

"மாமா, அத்தைக்கெல்லாம் பஸ்ல இடம் கெடச்சுது. அதுக்கும் தேங்க்ஸ். அந்த அண்ணன் நல்லா சிரிக்காங்க. அக்காவும் சிரிச்சா. இயேசப்பா, அக்கா அவங்க வீட்டுக்குப் போன பெறகு வலிப்பு வந்தா என்ன செய்யணும்னு அவங்களுக்குத் தெரியாது. நீங்க சொல்லிக்குடுங்க. ஒருக்களிச்சுப் படுக்கவைக்கணும். வாய்க்குள்ள கரண்டியை விடக்கூடாது. கையக் கால அமுக்கிப் பிடிக்கக்கூடாது. பேசாம பக்கத்துல உக்காந்திருக்கணும். முழிச்ச பெறகு அக்கா அழுவா. அப்பம் யாரும் அவள ஏசக்கூடாது. அக்கா பயப்படுதா. ஆமென்."

தெருத் தறிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த அமைதிக்குள் ஒரே ஒரு குரல் ஆமென் என்றது. அது ஆசீர். பழக்கத்தில் வாயில் வந்ததா, மனதறிந்து சொன்னானா என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை.

ஞானதீபம் கண்ணைத் திறந்து எல்லாரையும் பார்த்தாள். எப்போதும் ஜெபித்து முடித்ததும் அப்பா தலையில் கைவைப்பார். அப்பாவின் கை வரவில்லை.

ஞானபாய்தான் முதலில் பேசினாள். எத்தனை வருஷமாக என்று நேசமணியைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். சின்ன வயதில் எப்போதோ இரண்டு தரம் வந்தது, இப்போது ஒன்றுமில்லை என்று நேசமணி ஆரம்பித்தாள். அவள் முடிப்பதற்குள் எப்சிபா குறுக்கிட்டாள்.

"ஒம்பது வருஷமா இருக்கு. கடைசியா வந்து எட்டு மாசம் ஆகுது."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டுதான் போனாள்.

ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றார் ஞானையா. யாரும் முகம் சுளிக்கவில்லை, குரல் உயர்த்தவில்லை. ஞானபாய் கொண்டுவந்த பழப்பையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஆசீர் எப்சிபா போன வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா தோளைத் தொட்டதும் நகர்ந்தான்.

மாணிக்கராஜ் தெருமுனை வரை கூடப் போனார். மனைவியையும் மகனையும் முன்னே போகவிட்டு ஞானையா நின்றார்.

"அண்ணாச்சி, நோய் யாருக்கும் வரும். அது குத்தம் இல்ல. நீங்க வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாங்க யோசிச்சிருப்போம். என்ன சொல்லியிருப்போமோ தெரியாது, ஆனா யோசிச்சிருப்போம். இப்பம் எதை நம்பி யோசிக்க? ஒம்பது வயசுப் பிள்ளை வாயால நாங்க தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு."

ஞானையா மாணிக்கராஜின் கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனார். அவர் கோபமாகப் போயிருந்தால் தாங்கியிருக்கலாம்.

மாணிக்கராஜ் திரும்பி வரும்போது வீட்டுக்குள் அடி விழுந்துகொண்டிருந்தது.

நேசமணி அடிக்கிற அம்மா இல்லை. எப்சிபாவை ஒரு நாளும் அடித்ததில்லை. நோயாளிப் பிள்ளை என்று பொத்திப் பொத்தி வளர்த்தவள். அந்தக் கை அன்றைக்குச் சின்னவள் முதுகில் விழுந்தது. அடித்துக்கொண்டே அழுதாள். கோயிலுக்கு வெளியே வழிவிட்டு நின்ற பெண்களின் பெயரைச் சொல்லி அழுதாள். படித்துப் படித்துச் சொன்னேனே, ஒரு வார்த்தை பேசாதே என்றேனே என்று அழுதாள்.

ஞானதீபம் அழவில்லை. அவளுக்கு விளங்கவில்லை.

"நான் அவங்ககிட்டச் சொல்லலையேம்மா. நீ சொல்லக்கூடாதுன்ன, நான் சொல்லவே இல்ல. இயேசப்பாகிட்டதான் சொன்னேன்."

நேசமணியின் கை நின்றது. அவள் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

சிறுமி அப்பாவைப் பார்த்தாள். அந்த வீட்டில் ஜெபத்தைப் பற்றிய விஷயங்களில் தீர்ப்பு சொல்கிறவர் அவர்தான். தான் செய்தது சட்டப்படிதான் என்று அவர் சொல்வார் என அவள் நிச்சயமாக நம்பியிருந்தாள்.

மாணிக்கராஜுக்கு அந்த நேரம் முழுக்கத் தெருமுனையில் நின்ற ஞானையாவின் முகம்தான் கண்முன் இருந்தது. மண்டிக்கு வருகிறவர்கள் மூலமாக, நாளைக்கோ மறுநாளோ தாங்கள் மறைத்தது சங்கரன்கோவிலுக்கே திரும்பி வரும். தாங்க முடியவில்லை. யார்மீதாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது.

"எல்லாத்தையும் ஜெபத்துல சொல்லக்கூடாது மக்கா" என்றார்.

"இயேசப்பாவுக்குத் தெரியக்கூடாதாப்பா?"

"அவருக்குத் தெரியும். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஞானதீபம் காத்திருந்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு பின்வாசலுக்குப் போனாள். ஆவுடையம்மாள் சுவருக்கு அப்பால் இருந்து, என்னட்டி சத்தம் என்று கேட்டபோது, ஒன்றுமில்லை அத்தை என்று பதில் சொன்னாள். அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து சொன்ன முதல் பொய் அதுவாக இருக்கலாம்.

எப்சிபா உள்ளறையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவையை மாற்றி மடித்து வைத்திருந்தாள். தலையில் இருந்த பூவை எடுத்துவிட்டிருந்தாள்.

மாணிக்கராஜ் வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்வாள் என்று பார்த்தார். அவள் சொல்லவில்லை.

அவளே பேசினாள். மத்தியானம் தீபத்திடம் பயமாக இருக்கிறது என்று சொன்னது தான்தான், ஜெபம் பண்ணு என்று சொன்னதும் தான்தான், அடிப்பதென்றால் அம்மா தன்னை அடித்திருக்க வேண்டும் என்றாள். அழுகை இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். இனிமேல் யாரையும் வரச்சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்.

விட்டுவிடு, கர்த்தர் ஒரு வழி காட்டுவார் என்று மாணிக்கராஜ் ஆரம்பித்தார்.

எப்சிபா திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அப்பா, அவ ஜெபம் பண்ணுனப்போ எனக்குக் கோவமே வரல. ஒம்பது வருஷத்துல மொத தடவையா, என் நோயைப் பத்தி யாரோ வெக்கப்படாமப் பேசுதாங்கன்னு இருந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் அதை அடிச்சுக் கொன்னுட்டீங்க."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போடப்போவதாக அவள் சொன்னாள். கடையநல்லூருக்குப் போகப் போகிறாள். தனியாகத்தான். அந்த வாத்தியாரைப் பார்த்து ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பஸ்ஸில் வலிப்பு வந்தால் என்ன செய்வாய் என்று மாணிக்கராஜ் கேட்டார். வந்தால் வரட்டும் என்றாள். என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

மணி ஏழானது.

மாணிக்கராஜுக்கு அன்றைக்குப் பாயை விரிக்கவே மனமில்லை. பதினெட்டு வருஷத்தில், இரண்டு பிள்ளைகளை அடக்கம் பண்ணிய நாட்களில்கூட, அந்த வீட்டில் ஏழு மணி தவறியதில்லை. இன்றைக்கு நிறுத்தினால் நாளைக்கும் நிற்கும் என்று தோன்றியது. பாயை விரித்தார். முன்கதவைச் சாத்தினார்.

நேசமணி அடுப்படியை விட்டு வரவில்லை. வா என்று இரண்டு தரம் கூப்பிட்டார். எனக்கு அவரிடம் பேச ஒன்றுமில்லை என்று உள்ளிருந்து பதில் வந்தது. யாரைச் சொல்கிறாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

எப்சிபா வந்து உட்கார்ந்தாள். தன் முறை வந்தபோது ஒரு வசனம் வாசித்தாள். ஞானதீபம் ஒரு வசனம் வாசித்தாள். அம்மாவின் வசனத்தையும் மாணிக்கராஜே வாசித்தார். என்ன வாசித்தோம் என்று அவர் மனதில் நிற்கவில்லை.

பிறகு ஜெபம். எப்போதும் போல முதலில் ஞானதீபம்.

அவள் கண்ணை மூடவில்லை. கையைக் கூப்பியபடி அப்பாவைப் பார்த்தாள்.

"அக்காவுக்கு இன்னைக்கும் வரல. அதைச் சொல்லலாமாப்பா?"

சொல்லு மக்கா என்றார் மாணிக்கராஜ்.

"அம்மா அடிச்சதைச் சொல்லலாமா?"

"சொல்லு."

"அந்த அண்ணன் வீட்டுல இனிமே வர மாட்டாங்களான்னு கேக்கலாமா?"

எல்லாவற்றையும் சொல், எதை வேண்டுமானாலும் சொல், அப்பா சாயங்காலம் சொன்னது தப்பு என்றார் அவர். சொன்னது உண்மை. ஆனால் அவசரமாகச் சொன்னார். ஒரு கெட்ட சொல்லைத் துடைத்துப் போட வேண்டும் என்ற அவசரத்தில் சொன்னார். பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

ஞானதீபம் அடுப்படி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே விளக்கு எரிந்தது. அம்மாவின் நிழல் சுவரில் அசையாமல் இருந்தது.

"சத்தமாச் சொன்னா எல்லாருக்கும் கேக்கும்லா" என்றாள். அப்பா பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லித்தாங்கப்பா. நீங்க சொல்லுததை நான் சொல்லுதேன்" என்றாள்.

எப்சிபா முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள்.

முடியாது, நீயேதான் சொல்ல வேண்டும் என்று மாணிக்கராஜ் சொல்லியிருக்கலாம். சொல்லிப் பார்த்தார். அந்தப் பிள்ளை பிடிவாதமாக இல்லை, கோபமாகவும் இல்லை. கணக்கு டீச்சர் முன் நிற்பதுபோல, தப்பு வந்துவிடக் கூடாது என்று பயந்து நின்றாள். வேறு வழியில்லாமல் அவர் ஆரம்பித்தார்.

"அன்புள்ள ஆண்டவரே."

"அன்புள்ள ஆண்டவரே" என்றாள் ஞானதீபம். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"இந்த நாளுக்காக உம்மைத் துதிக்கிறோம்."

"இந்த நாளுக்காக உம்மைத் துதிக்கிறோம்."

எந்த நாளுக்காக என்று அவருக்கே நெஞ்சில் குத்தியது. பிறகு, நேசமணி கேட்கட்டும், எப்சிபா கேட்கட்டும், இப்போதாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. தான் சொல்வதை ஒரு சிறுமி திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது அந்த ஒரு கணம் மறந்துபோனது. கண்ணை மூடிக்கொண்டு, உடைந்த குரலில் சொன்னார்.

"நான் பாவம் செய்தேன் ஆண்டவரே. இந்த வீட்டுக்கு இவ்வளவு அவமானம் வந்தது என்னாலதான்."

"நான் பாவம் செய்தேன் ஆண்டவரே" என்றாள் ஞானதீபம். "இந்த வீட்டுக்கு இவ்வளவு அவமானம் வந்தது என்னாலதான்."

மாணிக்கராஜ் கண்ணைத் திறந்தார். அது உனக்கு இல்லை, என்னைச் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

ஞானதீபம் கூப்பிய கையைப் பிரிக்கவில்லை. அடுத்த வார்த்தைக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.